குருத்து எங்கே?

தென்னையின் உச்சியிலே குருத்து அழுகிவிட்டால், அம்மரம் அறுபதடி உயர்ந்து நின்றாலும், அடிமரம் ஆனை கட்டும் வலிவு பெற்றிருந்தாலும், அதற்கு வாழ்வில்லை. முருங்கையின் கதை வேறு! காற்றிலே முறிந்த கிளையை ஈர மண்ணிலே ஊன்றிவைத்தால் கிளையே மரமாகிறது. முன்னதில், வளரும் ஆற்றல் ஓரிடத்தில் ஒடுங்கி நிற்கிறது; பின்னதில், அவ்வாற்றல் உடலெங்கும் உறங்கிக் கிடக்கிறது. ஆடவர் உடலிலே, சிறுநீர்ப்பைக்குக் கீழே, பருத்த நெல்லிக்காயின் அளவினதாய் ஒரு சுரப்பி இருக்கிறது. வாடிச் சுருங்கிய பின்னும் மீண்டும் தளிர்க்கும் விந்தைச் சுரப்பி அது. அது தென்னையின் இனமா, முருங்கையின் இனமா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண, உலகின் பல ஆய்வுக்கூடங்கள் நாற்பதாண்டுக் காலமாக முயன்று வருகின்றன. தேடினார்கள், கண்டோம் என்றார்கள், கண்டது முழு உண்மையன்று என்று தாமே மறுத்தார்கள், மீண்டும் தேடினார்கள்!

புராஸ்டேட் என்பது அச்சுரப்பியின் பெயர். பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்போர் உண்டு, "இலக்கிய ஏட்டில் எழுதத்தக்க பொருளா இது?" என்று கேட்போரும் உண்டு. இரவிலே நான்கு முறை, ஐந்து முறை எழுந்து, இருளிலே தடுமாறிக் கொல்லைப்புறம் செல்லும் முதியவரைக் கேளுங்கள், எழுதத்தக்கதா அல்லவா என்று! சிறுநீர் செல்லும் குழாய் இச்சுரப்பியின் நடுவே புகுந்து வருகிறது. ஆகவே சுரப்பி பருத்தால் குழாய் நெரிபடுகிறது. அறுபது வயதை எட்டிய ஆடவரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இப்பருமன் தொடங்கிவிடுகிறது. மகனிடம் சொல்லக் கூச்சம், மருத்துவரிடம் காட்ட வெட்கம். 'வயதின் வினை' என்று வாய்மூடிக் கிடக்கிறார் பெரியவர். பருமன் மட்டுமா? இதே சுரப்பியிலே புற்றும் தோன்றுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 14 லட்சத்து 67 ஆயிரம் பேருக்கு அப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 3 லட்சத்து 97 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர். கூச்சத்துக்கு இடமேது?

'முன் நிற்போன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். முன் நின்றதேயன்றிக் கண்ணிற் பட்டது நெடுங்காலம் கழித்துத்தான்! கேலன் என்னும் பண்டை மருத்துவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதிவைத்ததே மனித உடலின் இலக்கணம் என்று ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பா நம்பிக் கிடந்தது. ஏட்டிலே உள்ளதை நம்பாமல், உடலையே ஏடாக விரித்துப் படித்த வெசாலியஸ், 1538-இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட படங்களில் இச்சுரப்பியையும் வரைந்து காட்டினார். வடிவம் தெரிந்தது, தொழில் தெரியவில்லை.

தொழிலின் முதல் தடயத்தைக் கண்டவர் லண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர், ஜான் ஹன்டர். விலங்கென்றால் விடமாட்டார் அந்த அறுவை மருத்துவர். மண்ணைத் துளைத்து வாழும் மோல் என்னும் சிறு விலங்கையும் அறுத்துப் பார்த்தார். குளிர்காலத்தில் அதன் புராஸ்டேட் கண்ணுக்கே எட்டாத அளவு சிறுத்திருந்தது. இணைசேரும் வசந்தத்திலே அதுவே திரண்டு பெருத்திருந்தது. காயடித்த விலங்குகளிலோ அது தளர்ந்து, வற்றி, சாறற்றுக் கிடந்தது. 1786-இல் ஹன்டர் இவற்றை நூலாக்கினார். விதைக்கும் இச்சுரப்பிக்கும் ஏதோ தொடர்புண்டு என்பது அன்றே புலனாயிற்று. ஆனால், ஒரு செய்தியை அவரும் சரி, அவருக்குப்பின் வந்தோரும் சரி, ஊன்றி எண்ணிப் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் ஒடுங்கியது வசந்தத்தில் மீண்டும் எதிலிருந்து வளர்ந்தது? ஆண்டுதோறும் மோலின் உடலில் நடந்த அந்த அற்புதத்தின் விதை எது? அதை வினவ இன்னும் இருநூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இடையிலே நடந்ததோ கண்ணீர்க் கதை. 1893-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் ஒயிட், நாய்களிடம் சோதித்த பின், பருத்த புராஸ்டேட்டால் வாடும் முதியவர்களின் விதைகளை நீக்கிவிடலாம் என்றார். 1895-இல் 111 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். நூற்றுக்கு 87 பேருக்குச் சுரப்பி விரைந்து சுருங்கியது என்றது கணக்கு. மாண்டவர்களும் அக்கணக்கிலே உண்டு. சிறுநீர் அடைத்துத் துடிக்கும் முதியவன் முன்னே நீட்டப்பட்ட மருந்து, ஆண்மையை அறுத்தெறியும் கத்தி! சில ஆண்டுகளிலேயே, சுரப்பியை மட்டும் அகற்றும் அறுவைமுறை தேர்ச்சி பெற்றது; ஒயிட்டின் முறை ஒதுங்கிற்று.

ஒதுங்கியது மீண்டும் வந்தது, வேறொரு வாயில் வழியே. 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், தம் உடனாய்வாளர் ஹாட்ஜசுடன் சேர்ந்து, புராஸ்டேட் புற்று எலும்பெங்கும் பரவிப் படுக்கையிலே கிடந்தவர்களுக்கு விதைகளை நீக்கினார். பெண்மை இயக்குநீர் கொடுத்தும் பார்த்தார். புற்றின் அளவைக் காட்டும் நொதி இரத்தத்திலே சரிந்தது. வலியால் அலறியவர் எழுந்து நடந்தார்! புற்று என்பது தன்போக்கில் தறிகெட்டு வளர்வது, எதற்கும் கட்டுப்படாதது என்று கருதிய காலம் அது. அந்தப் புற்றே ஆண்மை இயக்குநீரை உண்டு வாழ்கிறது, உணவை நிறுத்தினால் ஒடுங்குகிறது என்று மெய்ப்பித்தார் அவர். 1966-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆனால் நோய் விடைபெற்றுச் செல்லவில்லை. பரவிய புற்று, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளிலே திரும்பி வந்தது. இம்முறை இயக்குநீரை நிறுத்தியும் பயனில்லை. உணவின்றி மடிந்தவை போக, மடியாமல் ஒளிந்திருந்தது எது? அந்த ஒளிந்த உயிரணுவைத் தேடித்தான் புராஸ்டேட்டின் குருத்தணு ஆராய்ச்சி புறப்பட்டது.

குருத்தணு என்றால் என்ன என்பதை இங்கே தெளிவாக்கிக் கொள்வோம். பிளவுறும்போது தன்னைப் போன்ற ஒன்றையும் நிலைநிறுத்தி, தொழில் செய்யும் வேறு உயிரணுக்களையும் ஈன்று தரக்கூடியது எதுவோ, அதுவே குருத்தணு. 1961-இல் கனடாவின் டொரான்டோ நகரில் டில், மெக்கலக் என்னும் இருவர் எலியின் எலும்பு மச்சையிலே அத்தகைய உயிரணு உண்டு என்று காட்டினர். இரத்தம் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறப்பது. அங்கே குருத்தணு வேண்டும் என்பது விளங்குகிறது. புராஸ்டேட்டோ சோம்பேறிச் சுரப்பி! முதிர்ந்த ஆடவனில் அதன் உயிரணுக்கள் மிக அரிதாகவே பிளவுறுகின்றன. அங்கே குருத்தணுவுக்கு வேலை என்ன?

1980-களில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஐசக்ஸ் இதற்கு எலியைக்கொண்டு விடை கூறினார். விதை நீக்கப்பட்ட எலியின் புராஸ்டேட் சில வாரங்களிலே பெரும்பகுதி கரைந்துபோகிறது. ஆண்மை இயக்குநீரை ஊசி வழியே செலுத்தினால் மீண்டும் வளர்கிறது. பழைய அளவை எட்டியதும் நின்றுவிடுகிறது. மீண்டும் நிறுத்தினால் கரைகிறது. மீண்டும் கொடுத்தால் வளர்கிறது. எத்தனை முறை செய்தாலும் சலிப்பதில்லை! கரைவிலே கரையாத ஏதோ ஒன்று உள்ளே இருந்தாலன்றி இது நடவாது.

அது எங்கே இருக்கிறது? சுரப்பியின் உள்ளமைப்பைச் சற்றே காண்போம். கிளைத்துக் கிளைத்துச் செல்லும் நுண்குழாய்களின் தொகுதி அது. ஒவ்வொரு குழாயின் உட்புறத்திலும் இரு வரிசை உயிரணுக்கள். குழாயின் வெற்றிடத்தை நோக்கி நெடிது நின்று சாறு சுரப்பவை மேல்வரிசை. அவற்றின் காலடியில், தட்டையாய், சாறேதும் சுரக்காமல் கிடப்பவை அடிவரிசை. இவற்றினிடையே நரம்புக்குரிய இயல்பு கொண்ட மூன்றாம் வகையும் மிகச் சிலவாய் உண்டு. இயக்குநீர் நின்றதும் மடிபவை பெரும்பாலும் மேல்வரிசையினவே. அடிவரிசை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே, அடிவரிசையிலேதான் குருத்தணு இருக்கிறது. அங்கிருந்து இடைநிலை உயிரணு, அதிலிருந்து மேல்வரிசை என்று ஐசக்சும் அவருடைய துணைவர்களும் ஒரு படிநிலையை அமைத்தனர். தென்னைதான், ஐயமில்லை என்று தோன்றிற்று.

கருவிலே இச்சுரப்பி எவ்வாறு பிறக்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் அதே காலத்தில் வேறொன்றைக் கண்டிருந்தனர். மனிதக் கரு ஏறத்தாழப் பத்தாம் வாரத்தை எட்டும்போது, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ஒரு குழிவின் சுவரிலிருந்து மொட்டுகள் கிளம்பி, சுற்றியுள்ள தசைக்கூழுக்குள் புகுந்து கிளைக்கின்றன. கருவின் விதைகள் சுரக்கும் இயக்குநீரே அதற்குத் தூண்டுகோல். ஆனால், அத்தூண்டுதலைக் கேட்பது மொட்டா, அண்டை வீட்டுத் தசைக்கூழா? 1970-களில் ஜெரால்ட் கூனா என்னும் அமெரிக்கர் இதைச் சோதித்தார். இயக்குநீரை ஏற்கும் ஆற்றலே பிறவியில் இல்லாத எலியின் மொட்டுத்திசுவை, ஆற்றலுள்ள எலியின் தசைக்கூழோடு சேர்த்து வளர்த்தார். புராஸ்டேட் மொட்டுகள் கிளம்பின! மாற்றிச் சேர்த்தார், கிளம்பவில்லை. கட்டளையைக் கேட்டது அண்டை வீட்டான். அவன் சொல்லக் கேட்டு வளர்ந்தது மொட்டு. அதனினும் வியப்பு இன்னொன்று: முதிர்ந்த விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை அக்கருவின் தசைக்கூழோடு சேர்த்தபோது, அது சிறுநீர்ப்பையாக வளரவில்லை; புராஸ்டேட்டாகவே மாறிற்று. வளர்ந்து முடிந்த திசு, புதிய அண்டையிலே புதிய பிறவி எடுத்தது. இந்த முடிவைக் கருவியலார் போற்றினர். குருத்தைத் தேடியவர்களோ இதன் முழுப்பொருளை உணரப் பல்லாண்டுகள் பிடித்தன என்பதே என் கருத்து.

அடிவரிசைக் கட்சிக்கு வெற்றிமேல் வெற்றி வந்தது. 2000-இல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள், அடிவரிசைக்கே உரிய பி-63 என்னும் மரபணு இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவற்றுக்குப் புராஸ்டேட்டே உண்டாகவில்லை. 2001-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஆன் காலின்ஸ் முதலானோர், மனிதச் சுரப்பியின் அடிவரிசையிலே, தரையை இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தை மிகுதியாகத் தாங்கிய சில உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, அவையே குருத்தணுக்கள் என்றனர். 2002-இல் நியூயார்க்கில், அரிதாகவே பிளவுறும் உயிரணுக்கள் குழாயின் தொடக்கத்திலே, சிறுநீர்க்குழாயை ஒட்டிய பகுதியிலே குழுமியிருக்கின்றன என்று கண்டனர். 2008-இல் கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். குறிப்பிட்ட அடையாளங்களைத் தாங்கிய ஒற்றை உயிரணு, ஒன்றே ஒன்று! அதைக் கருவின் தசைக்கூழோடு கலந்து, சுண்டெலியின் சிறுநீரக உறைக்கு அடியிலே வைத்தனர். அந்த ஒன்றிலிருந்து ஒரு முழுப் புராஸ்டேட் விளைந்தது!

வழக்கு முடிந்தது, தீர்ப்பு எழுதவேண்டியதுதான் என்று தோன்றும் வேளையிலே எதிர்ச்சான்று வந்து நின்றது. உண்மையில் அது முன்பே வந்திருந்தது. பி-63 இல்லாத சுண்டெலிகள் பிறந்த உடனே மடிந்துவிடுவன. அவற்றின் கருத்திசுவை எடுத்து வேறொரு சுண்டெலியின் உடலிலே வாழவைத்தனர் கூனாவின் குழுவினர். 2004-இல் அவர்கள் அறிவித்த முடிவு: புராஸ்டேட் உண்டாயிற்று, அடிவரிசை இல்லாமலே! மேல்வரிசை மட்டுமே இருந்த அந்தச் சுரப்பி, இயக்குநீரை நிறுத்தக் கரைந்தது, கொடுக்க வளர்ந்தது. 2009-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷென் குழுவினர், விதை நீக்கிய சுண்டெலியின் மேல்வரிசையிலேயே, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக, தனித்தன்மை வாய்ந்த சில உயிரணுக்கள் எஞ்சி நிற்பதைக் கண்டனர். இயக்குநீர் திரும்பியதும் அவை இருவரிசையையும் ஈன்றன. புற்றைத் தடுக்கும் ஒரு மரபணுவை அவற்றில் அழித்தபோது புற்றும் அவற்றிலிருந்தே கிளம்பிற்று.

இரு கட்சியும் சோதித்தே சொன்னார்கள். இரு கட்சியும் மெய்யே சொன்னார்கள். பிறகு முரண் எங்கிருந்து வந்தது? கேட்ட முறையிலிருந்து வந்தது. ஓர் உயிரணுவைப் பிடுங்கி எடுத்து, அன்னிய இடத்திலே, கருவின் தசைக்கூழோடு நட்டால் அது என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி. தன் வீட்டிலே, தன் போக்கிலே அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாம் கேள்விக்கு ஒரு நுண்ணிய வழி இருந்தது. உயிருள்ள சுண்டெலியின் உயிரணு ஒன்றின் மரபணுவிலே ஒளிரும் நிறக்குறியைப் பொறித்துவிட்டால், அதன் வழித்தோன்றல் அனைத்தும் அந்நிறத்தைத் தாங்கும். 2012-இல் அமெரிக்காவில் லி ஷின் குழுவினரும், பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் பிளான்பேன் குழுவினரும் இவ்வழியே சென்றனர். குட்டிப் பருவத்தில் அடிவரிசை எல்லா வகையையும் ஈனுகிறது. வளர்ந்த பின்னரோ, பெரும்பாலும் அடிவரிசை அடிவரிசையையே ஈனுகிறது, மேல்வரிசை மேல்வரிசையையே ஈனுகிறது. அண்டை வீடுகள், ஆனால் கொள்வினை கொடுப்பினை இல்லை! எனினும் அது மாறாத விதியும் அன்று. நோய்க்கிருமி தாக்கி அழற்சி கண்டபோது, அடிவரிசை மேல்வரிசையை ஈனத் தொடங்கியதை 2014-இல் அதே லி ஷின் குழுவினர் காட்டினர்.

பிறப்பால் வாய்த்த ஆற்றலா, சூழல் தட்டி எழுப்பிய ஆற்றலா என்னும் கேள்வி நம் ஏட்டின் வாசகர்க்குப் புதியதன்று. சிலர் இந்தச் செய்தியைக் கேட்டதும் மேடைக்கு எடுத்துச் செல்லத் துடிப்பார்கள். வேண்டாம், தோழர்களே! மனிதர் சமம் என்பதற்குச் சுண்டெலியின் சாட்சியம் தேவையில்லை. உயிரணுவின் கதையை உயிரணுவின் கதையாகவே கேட்போம்.

2020-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த கார்த்தௌஸ், சாயர்ஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, கேள்வியையே திருப்பிப் போட்டது. ஒவ்வோர் உயிரணுவிலும் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று தனித்தனியே படிக்கும் முறை அதற்குள் கைவந்திருந்தது. விதை நீக்கிய சுண்டெலியில் மேல்வரிசையின் பெரும்பகுதி மடிந்தது. பிழைத்த சிலவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். முன்பு சாறு சுரந்துகொண்டிருந்த சாதாரண உயிரணுக்களே, பிழைத்தபின் குருத்தணுவின் மரபணுக்களை விழிக்கச் செய்திருந்தன! இயக்குநீர் திரும்பியபோது சுரப்பியை மீண்டும் கட்டியவை, அரிதான ஒரு சில அல்ல. பிழைத்த மேல்வரிசை உயிரணுக்கள் ஏறத்தாழ அனைத்துமே. இயக்குநீர் நிறுத்தப்பட்ட நோயாளிகளின் சுரப்பியிலும் அதையொத்த மாற்றத்தைக் கண்டார்கள். உச்சியிலே ஒரு குருத்து என்று தேடியவர்களின் கையிலே, எங்கே நட்டாலும் துளிர்க்கும் முருங்கைக் கிளை!

இவை பெரும்பாலும் சுண்டெலியின் கதை. மனிதனின் கதை முழுவதும் இதுவேயன்று. சுண்டெலியின் புராஸ்டேட்டில் அடிவரிசை விட்டுவிட்டுக் கிடக்கிறது. மனிதனிலோ இடைவெளியின்றிப் பரந்திருக்கிறது. மனிதனின் மரபணுவிலே நிறக்குறி பொறிக்க ஒருவருக்கும் உரிமையில்லை, பொறிக்கவும் கூடாது. ஆனால் இயற்கையே சில குறிகளைப் பொறிக்கிறது. வயது ஏற ஏற, உயிரணுவுக்குள் ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்பின் மரபுப்பொருளிலே தற்செயலாகப் பழுதுகள் நேர்கின்றன. பழுதுற்ற உயிரணுவும் அதன் வழித்தோன்றல்களும் ஒரு குறிப்பிட்ட சாயமேற்றத்தில் நீலமாய்த் தனித்துத் தெரியும். இந்த நீலத்தைப் பின்தொடர்ந்த இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2017-இல் ஓர் அரிய காட்சியைத் தீட்டினர். முதியவர்களின் சுரப்பியிலே ஒரே பழுது அடிவரிசையிலும் மேல்வரிசையிலும் காணப்பட்டது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அத்தாய் அடிவரிசையினள், சிறுநீர்க்குழாயை ஒட்டிய குழாயின் தொடக்கத்திலே வீற்றிருப்பவள். அங்கிருந்து அவள் ஈன்ற உயிரணுக்கள், ஆண்டுக்கணக்கிலே மெல்ல மெல்ல, ஓடையின் நீர்போல் குழாயின் கடைமுனை நோக்கிச் செல்கின்றன. ஆக, மனிதனிலே ஐசக்ஸ் சொன்ன படிநிலையில் மெய் இருக்கிறது. அவ்வளவில் தென்னையும் தோற்றுவிடவில்லை.

முதுமையில் சுரப்பி ஏன் பருக்கிறது என்பதற்கு ஜான் மெக்நீல் 1978-இலேயே ஒரு விளக்கம் தந்திருந்தார். கருவிலே மொட்டுவிட்ட அதே செயல், அறுபது வயதிலே, சிறுநீர்க்குழாயை அணைத்துக் கிடக்கும் உட்பகுதியிலே மீண்டும் விழித்துக்கொள்கிறது என்றார் அவர். கொல்லைப்புறத்துக்கு நடக்கும் பெரியவரின் உடலில் நடப்பது வினையும் அன்று, விதியும் அன்று. உறங்கிய குருத்து வேண்டாத வேளையிலே கண்விழித்ததுதான். சுருக்கவும் தளர்த்தவும் மாத்திரைகள் உண்டு, அறுவை முறைகள் உண்டு. வாய்திறந்து சொல்ல ஆள்தான் வேண்டும்.

புற்றின் செய்தி அத்துணை எளிதன்று. விதையை நீக்கிய பிறகும், வேறிடத்திலிருந்தும் தன்னுள்ளேயும் புற்று இயக்குநீரைப் பெற்றுக்கொள்கிறது என்று தெரிந்தபோது, அதை அடைக்கும் அபிராட்டிரோன் 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இயக்குநீரை ஏற்கும் வாயிலையே மூடும் என்சலுட்டமைடு 2012-இல் ஒப்புதல் பெற்றது; மேலே சொன்ன சாயர்சும் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஆயினும் இவ்வளவு முற்றுகைக்குள்ளும் சில புற்றணுக்கள் பிழைக்கின்றன. சில, மேல்வரிசையின் இயல்பையே களைந்தெறிந்து, நரம்புக்குரிய இயல்பு கொண்ட மூன்றாம் வகையின் வேடம் பூண்டு தப்புகின்றன. இயக்குநீரை நாடாதவனுக்கு இயக்குநீரை அடைத்து என்ன பயன்?

ஒளிந்திருக்கும் ஒரு குருத்தணுவைக் கண்டு அதை அழித்துவிட்டால் போதும் என்று 1980-களில் புறப்பட்டார்கள். பிழைத்த எதுவும் குருத்தாகலாம் என்னும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே, எது குருத்தணு என்ற கேள்வியோடு இன்னொன்றும் ஆய்வுக்கூடங்களில் இன்று கேட்கப்படுகிறது: இயக்குநீர் அற்ற அந்த வறட்சியிலே, பிழைத்த உயிரணுவுக்கு உணவும் ஊக்கமும் அனுப்புவது யார்? கூனாவின் எலிகளிலே மொட்டுக்குக் கட்டளையிட்ட அந்த அண்டை வீட்டானை நோக்கியே நுண்ணோக்கிகள் திரும்பியிருக்கின்றன.